புயல் கூண்டு எண்ணுக்குள் ஒரு திசை இருக்கிறது: செய்தி ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்த் தொலைக்காட்சி, நாளிதழ், இணையச் செய்திப் பிரிவுகளின் ஆசிரியர்களுக்கு,

வணக்கம். ஐப்பசி பிறந்து வங்கக் கடலில் ஒரு தாழ்வு மண்டலம் உருவானால் போதும், உங்கள் திரையின் அடியில் ஒரு வரி ஓடத் தொடங்கிவிடும்: 'கடலூர் துறைமுகத்தில் 1ஆம் எண் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றம்.' மறுநாள் 3. அதற்கடுத்த நாள் 5 போய் 6 ஏறினால் பின்னணி இசையும் ஏறும். '5இல் இருந்து 6ஆக உயர்ந்தது' என்று கிரிக்கெட் ஸ்கோர் சொல்வதுபோலச் சொல்லிவிட்டு விளம்பரத்துக்குப் போய்விடுகிறீர்கள்.

5இல் இருந்து 6 என்பது உயர்வே அல்ல. இந்த மடலின் காரணம் அதுதான். ஆனால் அதற்கு வருவதற்கு முன் 1859ஆம் ஆண்டின் ஒரு கப்பலைப் பற்றிச் சொல்ல வேண்டும். துறைமுகக் கொடிமரத்தில் ஏற்றும் எச்சரிக்கைக் கூண்டு என்ற ஏற்பாடே அந்தக் கப்பல் மூழ்கிய பிறகு வந்ததுதான்.

'ராயல் சார்ட்டர்' என்பது இரும்பு உடல் கொண்ட பாய்மரக் கப்பல். காற்று இல்லாத நேரத்துக்கு உதவியாகச் சிறிய நீராவி இயந்திரமும் உண்டு. 1859 ஆகஸ்ட் 26 அன்று மெல்பர்னில் இருந்து லிவர்பூலுக்குக் கிளம்பியது. பயணிகளில் பலர் ஆஸ்திரேலியத் தங்க வயல்களில் சம்பாதித்துவிட்டு ஊர் திரும்புகிறவர்கள். கப்பலின் பெட்டகத்திலும் தங்கம், பயணிகளின் இடுப்புப் பட்டையிலும் தங்கம். ஏறத்தாழ இரண்டு மாதம் கழித்து, அக்டோபர் 25 மாலையில், வேல்ஸின் ஆங்கிள்சி தீவைச் சுற்றி வந்துகொண்டிருந்தது. அங்கிருந்து லிவர்பூல் சில மணி நேரப் பயணம்தான்.

அந்தத் தீவின் வடகரையை ஒட்டித்தான் கப்பல் போக வேண்டும். தெற்கிலிருந்தோ மேற்கிலிருந்தோ காற்றடித்தால் தீவே தடுப்பாக நிற்கும். கப்பலுக்குப் பெரிய ஆபத்தில்லை. அன்று காற்று கிழக்கிலிருந்து வடகிழக்குக்குத் திரும்பி, அப்புறம் இன்னும் வடக்கே ஏறியது. நம் கரைக்காரர்கள் பேச்சில் சொன்னால், கொண்டல் வாடையாக மாறிவிட்டது. அவ்வளவு நேரம் பக்கத்துணையாக இருந்த கரை, கப்பலை மோதி உடைக்கக் காத்திருக்கும் பாறையாக மாறியது. துறைமுக வழிகாட்டி கப்பலில் ஏற முடியாத அளவுக்குக் கடல் கொந்தளித்தது. இரவு 11 மணிக்கு கேப்டன் தாமஸ் டெய்லர் இரண்டு நங்கூரங்களையும் இறக்கினார். நள்ளிரவு தாண்டி ஒன்றரை மணிக்கு ஒரு சங்கிலி அறுந்தது. ஒரு மணி நேரத்தில் மற்றதும் அறுந்தது. காற்றின் பிடியைக் குறைக்கப் பாய்மரங்களை வெட்டிச் சாய்த்தார்கள். இயந்திரத்தை முழு வேகத்தில் ஓட்டினார்கள். அந்தக் காற்றை எதிர்க்கும் வலு அதற்கு இல்லை. முதலில் மணலில் தட்டிய கப்பலை, ஏறிவந்த கடல் மோயல்ஃப்ரே என்ற சிற்றூரின் பக்கத்துப் பாறைகளில் கொண்டுபோய் மோதியது.

கரை கூப்பிடு தூரம். மால்டாவைச் சேர்ந்த ஜோசப் ராஜர்ஸ் என்ற மாலுமி ஒரு கயிற்றோடு அந்த அலைகளுக்குள் குதித்துக் கரைக்கு நீந்திப் போனார். அந்தக் கயிற்றில் ஓர் இருக்கையைக் கட்டி ஒவ்வொருவராக இழுக்கத் தொடங்கினார்கள். ஊர்க்காரர்கள் கைகோத்து அலைக்குள் இறங்கி நின்றார்கள். விடிந்த கொஞ்ச நேரத்தில் கப்பல் உடைந்தது. ஏறத்தாழ 450 பேர் இறந்தார்கள். பயணிகள் பட்டியலும் கப்பலோடு போய்விட்டதால் துல்லியமான கணக்கே கிடையாது. பிழைத்தவர்கள் சுமார் 40 பேர், அத்தனை பேரும் ஆண்கள். ஒரு பெண்கூட, ஒரு குழந்தைகூடப் பிழைக்கவில்லை. பக்கத்து ஊரான லானல்கோவின் பாதிரியார் ஸ்டீபன் ரூஸ் ஹியூஸ் 140 உடல்கள் வரை அடக்கம் செய்தார். கடிதம் எழுதி விசாரித்த உறவினர்களுக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட பதில்களைத் தானே எழுதினார். மூன்றே ஆண்டில் அவரும் இறந்துபோனார்.

அந்த ஒரு புயலில் 133 கப்பல்கள் மூழ்கின, 800 பேர் வரை செத்தார்கள் என்பது கணக்கு. தங்கம் இருந்ததால் ராயல் சார்ட்டர் பேர் நிலைத்தது. மற்ற 132 கப்பல்களின் பெயரை இன்று யார் சொல்கிறார்கள்? செய்தி மதிப்பு என்று நீங்கள் சொல்வது அப்போதும் இப்படித்தான் வேலை செய்திருக்கிறது, கோபித்துக்கொள்ளாதீர்கள்.

இந்த இடத்தில்தான் ராபர்ட் ஃபிட்ஸ்ராய் வருகிறார். டார்வின் போன பீகிள் கப்பலின் கேப்டன் அவர். 1854 முதல் பிரிட்டிஷ் வர்த்தக வாரியத்தில் வானிலைப் பிரிவின் தலைவர். பல இடங்களின் காற்றழுத்தக் குறிப்புகளைத் திரட்டிப் பார்த்தபோது அவருக்கு ஒன்று தெளிவானது. அந்தப் புயல் தெற்கிலிருந்து வடக்கு நோக்கி நகர்ந்து வந்திருக்கிறது. லிவர்பூல் பக்கம் வருவதற்குப் பல மணி நேரம் முன்பே இங்கிலாந்தின் தென்மேற்குக் கரையை அடித்துவிட்டது. அங்கிருந்து தந்தி கொடுத்திருந்தால் வடக்கே இருந்தவர்களுக்கு அவகாசம் கிடைத்திருக்கும்.

1861 பிப்ரவரியில் அவர் தந்தி வழியாக எச்சரிக்கை அனுப்பத் தொடங்கினார். தந்தி துறைமுகம் வரைக்கும்தான் போகும். கடலில் நிற்பவனுக்கு எப்படிச் சொல்வது? அதற்காகக் கொடிமரத்தில் ஏற்றக் கான்வாஸ் துணியால் இரண்டு வடிவங்கள் செய்தார், ஒரு கூம்பு, ஓர் உருளை. கூம்பின் முனை மேலே இருந்தால் பலத்த காற்று வடக்கிலிருந்து வரும், கீழே இருந்தால் தெற்கிலிருந்து. உருளை என்றால் எதிரெதிர்த் திசைகளிலிருந்து அடுத்தடுத்து வரலாம். இரவில் அதே வடிவங்களை விளக்குகளால் காட்டினார்கள். அவர் கூம்பில் முதலில் சொன்னது காற்றின் பலத்தை அல்ல, திசையை. ராயல் சார்ட்டரை உடைத்த காற்றை ஆராய்ந்தவருக்கு அது புரிந்திருந்தது.

அவருக்குக் கிடைத்ததோ கேலிதான். கணிப்பு பொய்த்த நாட்களில் பத்திரிகைகள் சிரித்தன. 1865 ஏப்ரலில் அவர் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். ஓர் அறிவியல் குழு இந்த முறைக்குப் போதிய அடிப்படை இல்லை என்று சொல்ல, 1866 இறுதியில் எச்சரிக்கைகள் நிறுத்தப்பட்டன. கடலுக்குப் போகிறவர்கள் விடவில்லை. குறையிருந்தாலும் எங்களுக்கு அது வேண்டும் என்று கேட்டார்கள். அடுத்த ஆண்டே எச்சரிக்கைகள் மறுபடி தொடங்கின.

நம் பக்கம் அதே காலத்தில் நடந்தவை இதைவிடக் கொடியவை. 1864 அக்டோபர் 5 அன்று கல்கத்தாவைத் தாக்கிய புயலில் ஹூக்ளி ஆற்றில் நின்ற கப்பல்கள் கட்டறுந்து ஒன்றன்மேல் ஒன்று மோதின. கடல் ஆற்றுக்குள் ஏறி வந்ததில் பல்லாயிரம் பேர் இறந்தார்கள். ஒரே மாதம் கழித்து ஆந்திரக் கரையின் மசூலிப்பட்டினத்தைப் புயல் தாக்கியது. 1865இல் கல்கத்தா துறைமுகத்தில் புயல் எச்சரிக்கை தொடங்கியது, 1875இல் இந்திய வானிலைத் துறை பிறந்தது. (இதற்கெல்லாம் முன்பே, 1853இல், கல்கத்தாவில் இருந்து புயல்களை ஆராய்ந்த ஹென்றி பிடிங்டன், மாட்லா ஆற்றுமுகத்தில் துறைமுகம் கட்டினால் கடல் ஏறி வந்து அழித்துவிடும் என்று கவர்னர் ஜெனரலுக்கு ஒரு கடிதத்தை அச்சிட்டே வெளியிட்டார். யாரும் கேட்கவில்லை. கட்டினார்கள். 1867இல் அந்தத் துறைமுகம், போர்ட் கேனிங், புயலில் அழிந்தது. திறந்த மடல்களின் பலன் பற்றி எனக்குப் பெரிய நம்பிக்கை இல்லை, இருந்தாலும் எழுதுகிறேன்.)

சரி, இப்போது 5க்கும் 6க்கும் வருவோம். இன்று நம் துறைமுகங்களில் ஏறும் கூண்டும் அந்தக் கூம்பு, உருளையின் வழிவந்ததுதான். எண் 1, 2 என்றால் ஆபத்து தொலைவில், நடுக்கடலில். 3, 4 என்றால் துறைமுகத்துக்கே மோசமான வானிலை வரக்கூடும். 5, 6, 7 மூன்றும் ஒரே அளவு அபாயம், திசைதான் வேறு. புயல் போகும் பாதைக்கு இடப்பக்கம் துறைமுகம் இருந்தால் 5. வலப்பக்கம் என்றால் 6. நேராகவோ மிக அருகிலோ கடந்தால் 7. தீவிரப் புயலுக்கு இதே வரிசையில் 8, 9, 10. பதினொன்றைக் கேட்டதும் 'உச்சபட்சம்' என்று ஒரு தொகுப்பாளர் சொன்னதைக் கேட்டிருக்கிறேன். அது வானிலை மையத்தோடு தொடர்பே அறுந்துவிட்டது என்பதற்கான குறி.

புயல் புதுச்சேரிக்கும் காரைக்காலுக்கும் இடையே கிழக்கிலிருந்து வந்து கரையைக் கடக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நாகப்பட்டினம் அதற்கு இடப்பக்கம். அங்கே காற்று பெரும்பாலும் கரையிலிருந்து கடலுக்கு அடிக்கும், கட்டிய படகு அறுந்தால் வெளியே போகும். சென்னை வலப்பக்கம். அங்கே காற்று கடலிலிருந்து கரைக்கு அடிக்கும், கடல் ஏறும், படகுகள் கல்லில் மோதும். இரண்டும் ஆபத்துதான். ஆனால் படகை எங்கே கட்டுவது, எந்தக் குப்பத்தை முதலில் காலி செய்வது என்பது இரண்டு ஊரிலும் ஒன்றல்ல. அந்த வித்தியாசம் முழுக்க அந்த ஒரு எண்ணுக்குள் இருக்கிறது. நீங்கள் எண்ணைச் சொல்லி அதன் பொருளை விட்டுவிடுகிறீர்கள்.

மீனவருக்கு இதெல்லாம் தெரியுமே என்பீர்கள். துறைமுகத்தில் இருப்பவருக்குத் தெரியும். கரையில் வீடு வைத்திருக்கும் மற்றவர்களுக்கும், கடலுக்குப் போனவரின் குடும்பத்துக்கும் உங்கள் வரிதான் வருகிறது.

நான் கேட்பது ஓடும் வரியில் ஐந்தாறு சொற்கள் கூடுதலாக: 'நாகை 5: புயல் நாகைக்கு வடக்கே கடக்கும்.' 'சென்னை 6: புயல் சென்னைக்குத் தெற்கே கடக்கும், கடல் ஏறலாம்.' 'உயர்ந்தது', 'எகிறியது' என்பவற்றை 4 தாண்டும்போதும் 7 தாண்டும்போதும் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். இந்தப் பருவத்திலேயே தொடங்கலாம், டிசம்பர் முடிய நேரமிருக்கிறது.

அன்புடன்,
கடலோர மாவட்டத்து வாசகர் ஒருவர்