இரத்தம் உறையாதது ஆண்களுக்கு மட்டும்தானா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உலக ஹீமோஃபீலியா நாளையொட்டித் தாங்கள் வெளியிட்ட கட்டுரையில், இரத்தம் உறையாத பரம்பரை நோய்கள் ஆண்களையே தாக்கும், பெண்கள் அவற்றைக் கடத்துவதோடு சரி என்று ஒரு வரி இருந்தது. ஏப்ரல் 17 வந்தாலே விக்டோரியா மகாராணியின் வம்சத்தில் ஹீமோஃபீலியா என்ற இரத்தம் உறையாத நோய் பரவிய கதையை எடுத்து வைக்கும் தங்கள் வழக்கத்தைப் பொறுத்துக்கொண்ட எனக்கு, இந்த வரியைப் பொறுக்க முடியவில்லை.

வான் வில்லிபிராண்ட் நோய் என்று ஒன்று இருப்பது தாங்கள் அறியாததல்ல. பரம்பரை இரத்தக்கசிவு நோய்களில் மிகப் பரவலானது அதுதான். காயம்பட்ட இடத்தில் இரத்தத் தட்டுகளை ஒட்டவைப்பதும், இரத்தம் உறைய வேண்டிய எட்டாம் உறைகாரணி என்ற பொருளைத் தாங்கிச் செல்வதுமான ஒரு புரதம் குறைவதால் வருவது. அதன் மரபணு, ஆணா பெண்ணா என்பதைத் தீர்மானிக்கும் பால் குரோமோசோமில் இல்லாததால் ஆண், பெண் இருவருக்குமே வரும். பின்லாந்து மருத்துவர் எரிக் வான் வில்லிபிராண்ட் 1926-இல் இதைப் பற்றி எழுதியதே, ஓலாந்து தீவுகளைச் சேர்ந்த ஒரு சிறுமியையும் அவள் குடும்பத்தையும் ஆராய்ந்த பின்புதான். அந்தச் சிறுமி 13 வயதில், நான்காவது மாதவிடாயின் பெருக்கு நிற்காமல் இறந்துபோனாள். அவளும் கடத்துவதோடு சரிதானா?

என் மகளுக்குச் சிறு வயதிலிருந்தே சில்லுமூக்கு உடையும். சூட்டு உடம்பு என்றார்கள். பல் பிடுங்கிய இடத்தில் மறுநாள் வரை பஞ்சு நனைந்துகொண்டே இருந்தது. வயதுக்கு வந்தபின் ஒவ்வொரு மாதமும் வெளிறிப்போய்ப் படுத்தவளுக்கு, புதிதில் அப்படித்தான் இருக்கும் என்று சொல்லி இரும்புச்சத்து மாத்திரை எழுதித் தந்தார்களே தவிர, இரத்தம் நிற்காத கோளாறாக இருக்குமோ என்று எந்த மருத்துவரும் யோசிக்கவில்லை.

யோசித்தவர் ஒரு கால்நடை மருத்துவர். அதுவும் எங்கள் டாபர்மேன் நாயைப் பற்றி. அந்த இனத்தில் இதே நோய் பரவலாக உண்டு என்பதால், கருத்தடை அறுவைக்கு முன், அதன் மேலுதட்டைத் திருப்பிக் கட்டி, உட்புறம் சிறு கீறல் போட்டு, வடிதாளால் ஒற்றியபடி, இரத்தம் நிற்க எவ்வளவு நேரமாகிறது என்று கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவர் சொன்ன அறிகுறிகள் அத்தனையும் என் மகளிடம் இருந்ததால்தான் இரத்தநோய் நிபுணரிடம் போனோம். வழக்கமான உறைவுச் சோதனைகளில் இந்த நோய் தப்பிவிடக்கூடும் என்று, அந்தப் புரதத்தையே தனியாக அளந்து அவர் உறுதி செய்தார். நாய்க்கு ஒன்றுமில்லை.

சென்ற ஆண்டு தங்கள் செல்லப்பிராணிகள் பக்கத்தில் டாபர்மேன் குட்டி வாங்குவோருக்கான குறிப்புகள் வந்தன. காதை எப்படி நிமிர்த்துவது என்பதற்கு அரைப் பக்கம் ஒதுக்கியிருந்தீர்கள்; கன்னத்தின் உட்புறம் பஞ்சுக்குச்சியால் தேய்த்தெடுத்துச் செய்யும் மரபணுச் சோதனையில் தாய், தந்தை நாய்களுக்கு இந்த நோயின் மரபணு உண்டா என்று அறியலாம் என்பதற்கு ஒரு வரி இல்லை. அப்போது நான் எழுதிய கடிதமும் வெளிவரவில்லை. அந்த வாரம் ராசிபலன் நீண்டுவிட்டது போலும்.

தங்களை மட்டும் சொல்லிப் பயனில்லை. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமே, ஹீமோஃபீலியா வழக்கமாக ஆண்களை மட்டும் பாதிப்பது, பெண்கள் வழியாக ஆண் குழந்தைகளுக்குச் செல்வது என்றுதான் விளக்கம் தருகிறது. வான் வில்லிபிராண்ட் நோயின் பெயர் அதில் இல்லை. ஆனால் அந்த விளக்கத்தைத் திருத்த மத்திய அரசு அறிவிக்கை வெளியிட வேண்டும். கட்டுரையைத் திருத்தத் தாங்கள் மனம் வைத்தால் போதும்.

நான் கேட்பது, அடுத்த இதழில், அதே பக்கத்தில், இரண்டு வரித் திருத்தம். இடமிருந்தால், அடிக்கடி சில்லுமூக்கு உடைந்து மாதவிடாயும் பெருகும் பெண்பிள்ளைக்கு அந்தப் புரதத்தை அளக்கும் சோதனையைக் கேட்டுச் செய்யவேண்டும் என்றும், நோய் உள்ளவர்கள் ஆஸ்பிரின் போன்ற மாத்திரைகளை மருத்துவரைக் கேட்காமல் போடக்கூடாது என்றும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் நீண்டநாள் வாசகி,
திருநெல்வேலி.