வெள்ளிக்கிழமைக்குள் நிரப்ப வேண்டிய எக்செல் ஷீட்

ஆசிரியருக்கு வணக்கம்.

பெரிய நிறுவனங்களின் நிலைத்தன்மை அறிக்கை பற்றித் தங்கள் வணிகப் பக்கத்தில் வந்த கட்டுரையைப் படித்தேன். பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபி கேட்கும் பி.ஆர்.எஸ்.ஆர். அறிக்கை (சுற்றுச்சூழல், சமூகப் பொறுப்பு பற்றிய கணக்கு), பங்குச் சந்தையின் முதல் 1,000 கம்பெனிகளுக்கு 2022-23 முதல் கட்டாயம் என்பதெல்லாம் சரி. இந்த மாதிரி அறிக்கைகளுக்கான எண்களை யார் உட்கார்ந்து எழுதுகிறார்கள் என்பதுதான் அதில் இல்லை.

திருப்பூரில் 36 மெஷின் போட்டு, கட்டிங்கும் தையலும் ஜாப் ஒர்க்காகச் செய்கிறேன். நான் பங்குச் சந்தையில் இல்லை. எனக்கு ஆர்டர் தரும் எக்ஸ்போர்ட்டரும் இல்லை. ஆனால் அவருடைய பையர் ஐரோப்பாவில் இருக்கிறார். அந்த பையர் தன் கம்பெனியின் கார்பன் கணக்கோடு, நூல் நூற்றவர், சாயம் போட்டவர், தைத்தவர் கணக்கையும் சேர்த்துக் காட்ட வேண்டும். ஸ்கோப் 3 என்கிறார்கள். கேள்வி அங்கிருந்து எக்ஸ்போர்ட்டருக்கு வந்து, கடைசியில் என் வாட்ஸ்அப்பில் எக்செல் ஷீட்டாக விழுகிறது. “அண்ணா, வெள்ளிக்கிழமைக்குள்ள ஃபில் பண்ணி அனுப்பிருங்க” என்று எக்ஸ்போர்ட்டர் ஆபீஸில் ஆர்டரைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசர் தம்பியின் குரல் வேறு.

கரண்டு கணக்கு கஷ்டமில்லை. இ.பி. பில்லில் உள்ள யூனிட்டை ஏறக்குறைய 0.7 ஆல் பெருக்கினால் அத்தனை கிலோ கார்பன் டை ஆக்சைடு. ஜெனரேட்டர் டீசலுக்கு லிட்டருக்குச் சுமார் 2.7 கிலோ. மகள் பத்தே நிமிஷத்தில் போட்டுக் கொடுத்துவிட்டாள். நான் மாட்டிக்கொண்டது கட்டிங் வேஸ்ட்டில். ‘துணிக் கழிவு எங்கே போகிறது, சான்று இணைக்கவும்’ என்று ஒரு கட்டம். எங்களிடம் சனிக்கிழமை ஒருவர் டி.வி.எஸ். எக்ஸ்.எல்.லில் வருவார். மூட்டையை எடை போட்டு, காசைக் கையில் கொடுத்து எடுத்துப் போவார். அது கைமாறி மில்லுக்குப் போய் மறுபடி நூலாகிறது. ஆனால் அவரிடம் இருப்பது தராசு மட்டும்தான், லெட்டர் பேடு இல்லை. கட்டத்தைக் காலியாக விட்டேன், சிவப்பு அடித்துத் திரும்பி வந்தது.

அப்புறம் அதே மாதம் இன்னொரு எக்ஸ்போர்ட்டரிடமிருந்து வேறொரு ஷீட். கேள்விகள் அதேதான். முதலாமவருக்கு ஏப்ரல்-மார்ச் கணக்கு, இவருக்கு ஜனவரி-டிசம்பர். அவருக்குக் கிலோ, இவருக்கு டன்.

கணக்கே கேட்காதீர்கள் என்று நான் சொல்லவில்லை. சாயக் கழிவு கலந்து கெட்ட நொய்யல் ஆற்றையும் அதன் ஒரத்துப்பாளையம் அணையையும் பார்த்த யாரும் அப்படிச் சொல்ல முடியாது. 2011இல் உயர் நீதிமன்ற உத்தரவால் சாயப்பட்டறைகள் மூடப்பட்டபோது, துணி வராமல் எங்கள் மெஷின்களும் நின்றன. அதன் பிறகு ஒரு சொட்டுச் சாயக் கழிவுநீரும் வெளியே போகக் கூடாது என்ற நிலைக்கு இந்த ஊர் பெரும் செலவு செய்து வந்தது. இதிலும் ஒரு வினோதம் பாருங்கள். சாயக் கழிவுநீரைச் சுத்திகரித்தபின் மிச்சமிருக்கும் உப்புத் தண்ணீரைக் காய்ச்சி ஆவியாக்க விறகும் கரண்டும் நிறைய ஆகிறது. அதனால் கார்பன் கட்டத்தில் மட்டும் பார்த்தால், சுத்திகரித்த நீரை ஆற்றில் விடும் ஊரைவிட நம் ஊர்த் துணி மோசமாகத் தெரியும். தண்ணீரைக் காப்பாற்றியதற்குக் கார்பனில் மார்க் குறைகிறது.

செபி, சப்ளையர் கணக்கைக் கேட்பதில் கொள்முதலிலோ விற்பனையிலோ 2 சதவீதத்துக்குக் கீழே உள்ளவர்களை விட்டுவிடலாம் என்று இறங்கி வந்திருக்கிறது. ஐரோப்பிய ஆணையமும் 2025 பிப்ரவரியில் முன்வைத்த திருத்தத்தில், சிறிய சப்ளையர்களிடம் ஓர் எளிய தரநிலையைத் தாண்டிக் கேட்காதே என்று பெரிய கம்பெனிகளுக்கு வரம்பு கட்டப் பார்த்தது. மேலே இப்படி இளகினாலும் எனக்கு வரும் ஷீட்டில் ஒரு வரிகூடக் குறையவில்லை. பீஸ் ரேட்டும் ஏறவில்லை. எல்லா பையரும் ஏற்கும்படி ஒரே படிவம், அதை வருஷத்துக்கு ஒரு தடவை நிரப்பினால் போதும் என்ற ஏற்பாட்டை ஏற்றுமதியாளர் சங்கங்கள்தான் பேசி வாங்க வேண்டும். சான்றுக்கு ஆகும் செலவை, சான்று கேட்பவர் தரட்டும்.

தங்களிடமும் ஒன்று கேட்கிறேன். இப்போது எங்களுக்கு வரும் ஷீட் முழுக்க ஆங்கிலத்தில் இருக்கிறது. கட்டம் கட்டமாக அதைத் தமிழில் விளக்கி நாலு வாரம் போடுங்கள். எங்கள் வீதியில் மட்டும் பத்துப் பேராவது வெட்டி வைத்துக்கொள்வோம்.

இப்படிக்கு,
ஜாப் ஒர்க் யூனிட் நடத்தும் வாசகர்,
திருப்பூர்.