கொழும்பில் பூனைக் கண்காட்சி நடத்துவோருக்கு: கீரிநிறப் பூனைக்கும் ஒரு பிரிவு வையுங்கள்

கண்காட்சிச் சங்கத்தினருக்கும் நடுவர்களுக்கும் வணக்கம்.

டிக்கெட் எடுத்து உங்கள் கண்காட்சிகளைப் பார்த்துவிட்டுப் போகிற கூட்டத்தில் நானும் ஒருவன். பேர்சியன் பூனைகளுக்கு நீங்கள் காட்டும் அக்கறையில் குறை சொல்ல முடியாது. நீலம், கிறீம், வெள்ளை, சில்வர், கோல்டன் என்று நிறத்துக்கு நிறம் தனி வரிசை. ஊர்ப்பூனை என்று வந்தால் மட்டும் கறுப்பும் செம்மஞ்சளும் மூவண்ணமும் வரிப்பூனையும் ஒரே மேசையில் நிற்கின்றன. ஆகச் சுட்டியானது எது என்று பார்த்து ஒரு கிண்ணத்தைக் கொடுத்து அனுப்பிவிடுகிறீர்கள். நான் கேட்பது ஒன்றுதான். அந்த மேசையிலிருந்து கீரிநிறப் பூனையைப் பிரித்தெடுத்து அதற்கென ஒரு பிரிவு வையுங்கள்.

எதைச் சொல்கிறேன் என்பது வெள்ளவத்தைச் சந்தைப் பக்கம் போய்வருகிறவர்களுக்கு விளங்கும். மீன் வெட்டுமிடத்தில் காத்திருக்கும் பூனைகளுக்குள் எப்போதாவது ஒன்று, முதுகிலோ விலாவிலோ ஒரு வரிகூட இல்லாமல், கீரியைப் போன்ற மணல் நிறத்தில் இருக்கும். கால்களிலும் வாலிலும் மட்டும் கோடுகள். அது மடியில் உதிர்த்த மயிர் ஒன்றை எடுத்து வெயிலில் பிடித்துப் பாருங்கள். அடியில் சாம்பல், மேலே மஞ்சள், பிறகு கறுப்பு, திரும்பவும் மஞ்சள், நுனி கறுப்பு. மயிர் வளர வளர அகூட்டி என்ற மரபணு கறுப்பு நிறமியை நிறுத்தி மஞ்சளை விடுகிறது, பிறகு கறுப்பைத் திறந்துவிடுகிறது. அதனால்தான் ஒற்றை மயிரில் இத்தனை பட்டைகள்.

வரிப்பூனைக்கும் இந்த அகூட்டி உண்டு. ஆனால் அதன் உடம்பில் சில இடங்கள் கோடாகக் கறுத்துவிடும். அந்தக் கோடுகள் எங்கே விழ வேண்டும் என்பது தாயின் வயிற்றில், மயிர் முளைப்பதற்கு முன்பே தோலில் தீர்மானமாகிவிடுகிறது. அதில் டிகேகே4 என்ற மரபணுவுக்குப் பெரிய பங்கு இருப்பதை 2021இல் அமெரிக்க ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். தெருப்பூனைகளுக்குக் கருத்தடை செய்யும்போது கிடைத்த கருக்களை வைத்துத்தான் அதைக் கண்டுபிடித்தார்கள். அந்த மரபணு பழுதானால் உடம்பில் வரி விழாது, எல்லா மயிரும் பட்டை பட்டையாக வளரும். நம் கீரிநிறம் அதுதான்.

நடுவர்கள் கவனிக்க வேண்டிய இடம் இனித்தான் வருகிறது. அந்த மாறிய மரபணு தாய், தகப்பன் இருவரிடமிருந்தும் வந்தால் உடம்பு பெரும்பாலும் கோடின்றித் துப்பரவாக இருக்கும். அபிசீனியன் என்ற வெளிநாட்டு இனப் பூனை அப்படித்தான். ஒருவரிடமிருந்து மட்டும் வந்தால் கால், வால், கழுத்தில் கோடுகள் மிஞ்சும். இப்படி ஒற்றைப் பிரதியுள்ள இரண்டு பூனைகள் சேர்ந்தால், சராசரியாக நான்கு குட்டிகளில் இரண்டு பெற்றோரைப் போலவும், ஒன்று கோடில்லாமலும், ஒன்று சாதாரண வரிப்பூனையாகவும் பிறக்கும். இது தெரியாமல்தான் நாம் சுவரேறி வந்த கடுவன்மேல் பழியைப் போடுகிறோம். ஆகவே 'காலில் கோடு இருந்தே ஆக வேண்டும்' என்றோ 'இருக்கவே கூடாது' என்றோ விதி எழுதிவிடாதீர்கள். ஒரே ஈற்றுக் குட்டிகளில் பாதி வாசலிலேயே திரும்ப வேண்டிவரும்.

நிறத்தை வைத்தும் தள்ளாதீர்கள். நிறம் வேறு, கோலம் வேறு. கறுப்பை மங்கச்செய்யும் மரபணு சேர்ந்தால் இதே கோலம் நீலச் சாம்பலில் வரும். செம்மஞ்சள் மரபணு சேர்ந்தால் செம்மஞ்சளில் வரும். அந்தச் செம்மஞ்சள் மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. பெட்டைக்கு எக்ஸ் இரண்டு, கடுவனுக்கு ஒன்று. அதனால் இரண்டு நிறமும் கலந்த பூனைகள் அநேகமாக எல்லாமே பெட்டைதான். முழுக் கறுப்புப் பூனைக்குள்ளும் இந்தக் கோலம் ஒளிந்திருக்கலாம். அதற்கு அகூட்டி வேலை செய்யாததால் வெளியே தெரியாது, அவ்வளவுதான்.

இதெல்லாம் ஒரு தெருப்பூனைக்கு ஏன் என்று உங்களில் சிலர் கேட்பீர்கள். இத்தாலியரான டொக்டர் பாவ்லோ பெல்லெகட்டா இலங்கையில் கண்ட இதே பூனைகளில் சிலவற்றை 1984இல் தன் நாட்டுக்குக் கொண்டுபோனார். அங்கே 'சிலோன் பூனை' என்று ஒரு தனி இனமே உருவானது. மணல் பொன்னிறத்தில் கறுப்பு நுனி கொண்டதற்கு 'மணிலா' என்று பெயர். நெற்றியில் உள்ள கோலத்தை நாகபாம்பின் படம் என்கிறார்கள். கீரி உடம்பில் பாம்புப் படம்! நமக்குத் தோன்றியிருக்க வேண்டிய பகிடி இத்தாலிக்காரருக்குத் தோன்றியிருக்கிறது. அபிசீனியா என்பது எத்தியோப்பியாவின் பழைய பெயர். ஆனால் அபிசீனியன் பூனையின் பூர்வீகம்கூட எத்தியோப்பியா அல்ல, இந்து சமுத்திரக் கரையோரமும் தென்கிழக்காசியாவும்தான் என்று மரபணு ஆய்வுகள் காட்டுகின்றன. நெதர்லாந்தின் லைடன் அருங்காட்சியகத்தில் 1830களைச் சேர்ந்த அத்தகைய பூனையொன்றின் பாடம்செய்த உடல் இருக்கிறது. அதன் சீட்டில் ஊர் 'இந்தியா' என்றே எழுதியிருக்கிறது. சிங்கப்பூர்க்காரர்கள் தங்கள் வடிகான் பூனையை, அதுவும் பட்டை மயிர்ப் பூனைதான், சுற்றுலாச் சின்னமாக்கிவிட்டார்கள். நாங்கள் ஒரு மேசைகூடக் கொடுக்கவில்லை.

ஒரு பயமும் இருக்கிறது. பிரிவு வந்தால் விலை வரும். விலை வந்தால் அண்ணனையும் தங்கையையும் ஒரே கூட்டில் அடைத்துக் குட்டி எடுக்கிறவர்கள் வருவார்கள். அதற்கு வழி உங்கள் கையில் இருக்கிறது. கருத்தடை செய்த பூனைகளை மட்டும் சேருங்கள். பரம்பரைப் பத்திரம் கேட்க வேண்டாம். மிருக வைத்தியரின் கருத்தடைச் சான்றும் நீர்வெறுப்பு நோய்த் தடுப்பூசி அட்டையும் போதும். நடுவர் பார்க்க வேண்டியது மயிரின் பட்டை எவ்வளவு தெளிவாக இருக்கிறது, உடம்பு நலமா, ஆட்களோடு எப்படிப் பழகுகிறது என்பதைத்தான்.

அடுத்த கண்காட்சியின் விண்ணப்பப் படிவத்தில் இதற்காக ஒரு வரி சேர்த்தால் போதும். படிவத்தைத் தமிழிலும் அச்சடித்தால் இன்னும் நல்லது. சந்தைக்காரர்களும் தாங்கள் சோறு வைத்து வளர்க்கும் பூனையைத் தூக்கிக்கொண்டு வருவார்கள்.

இப்படிக்கு,
வெள்ளவத்தையிலிருந்து ஒரு பூனைக்காரன்