நித்தியகல்யாணிக்கு ஈரமே எமன்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

வறட்சி தாங்கும் பூச்செடிகள் பற்றிய தங்கள் தோட்டப் பக்கக் கட்டுரையில் நித்தியகல்யாணிக்கு ஒரே வரிதான்: ‘எங்கும் வளரும்.’ சுடுகாட்டுமல்லி என்று பேர் எடுத்த செடிதான், மறுக்கவில்லை. ஆனால் ஆசையாகப் பாறைத் தோட்டத்தில் வைத்த செடி இரண்டே மாதத்தில் அழுகிப்போவதும் உண்டு. அதற்குப் பெரும்பாலும் தண்ணீர்தான் காரணம்.

பாறை இடுக்கில் குழி ஓரடி ஆழம் இருக்கட்டும். தோட்டமண் 2 பங்கு, பருமணல் 1 பங்கு, மக்கிய எரு அரைப் பங்கு. குழிக்கு அடியில் ஜல்லி போட்டால் நீர் வடியும் என்பது பலரின் நம்பிக்கை. நடப்பது நேர்மாறு: மண்ணும் ஜல்லியும் சேரும் இடத்துக்குச் சற்று மேலேயே ஈரம் தங்கிவிடும். ஜல்லியை மேலே பரப்புங்கள், தண்டை ஒட்டாமல் இரண்டு விரல் தள்ளி. அடியில் நீர் வெளியேறச் சரிவான வழி இருந்தால் போதும்.

சுண்ணாம்புக் கல்லும், பாறைகளை இணைத்த சிமென்ட் பூச்சும் மண்ணில் காரத்தன்மையை ஏற்றும். நரம்பு மட்டும் பச்சையாக நிற்க இளம் இலை மஞ்சளித்தால், அந்தக் காரத்தால் வேர் இரும்புச்சத்தை எடுக்கவில்லை என்று பொருள். இதற்கு யூரியா போட்டால் இலைதான் தழைக்கும், பூ குறையும்.

வேர் பிடிக்கும் முதல் மாதம் மூன்று நாளைக்கு ஒரு முறை நீர். பிறகு விரலை விட்டுப் பார்த்து, மேல் இரண்டு அங்குலம் காய்ந்திருந்தால் மட்டும். நடுப்பகலில் இலை மேல்நோக்கி மடங்கும். பதறி வாளியைத் தூக்க வேண்டாம், மாலையில் விரிந்துவிடும். விடிந்தும் மடங்கியே இருந்தால்தான் தாகம். மண் ஈரமாக இருந்தும் கிளை தொங்கினால் தண்டின் அடியைப் பாருங்கள். கறுத்துச் சுருங்கியிருந்தால் வேரழுகல். மருந்து தெளித்துக் காப்பாற்றுவது அரிது. செடியை மண்ணோடு தோண்டி அகற்றுங்கள்.

வரப்பு ஓரமாக நட்டால் ஓரடி இடைவெளி விடுங்கள். நெருக்கினால் இலையில் ஈரம் காயாது. பூக்கள் பச்சை இலைபோல மாறினால் தத்துப்பூச்சி பரப்பும் நோய் அது, தயங்காமல் பிடுங்குங்கள். ஆடு மாடு சீண்டாத செடி, எல்லாப் பாகமும் நச்சு. சிறு குழந்தைகள் வாயில் வைக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

விதைக்கு, இரட்டைக் காய்கள் மஞ்சளாகும்போதே பறித்துவிடுங்கள். முளைக்க இருட்டு வேண்டும்; கால் அங்குலம் மண் மூடினால் பத்து நாளில் தலைகாட்டும். வெடித்துச் சிதறிய விதை பாறை இடுக்கில் தானே முளைத்தால் அதைப் பெயர்க்காதீர்கள். ஆணிவேர் அறுபடாத அந்தக் கன்று, நட்டு வைத்ததைவிடக் கோடையைத் தாங்கும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்