அக்காவுக்கு, லண்டனிலிருந்து

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். சாப்பாட்டுக்குக் குறைவில்லை என்று அம்மாவிடம் சொல்லு, ஈஸ்ட் ஹாம் கடைத்தெருவில் இட்லி அரிசியெல்லாம் கிடைக்கிறது. குளிர்கூடப் பழகிவிட்டது, சாயங்காலம் நாலு மணிக்கே இருட்டிவிடுவதுதான் இன்னும் ஒரு மாதிரி இருக்கிறது.

பப்ளிக் ஹெல்த் படிக்கப் போனவள் எதற்குக் கணக்குப் போடுகிறாள் என்று மாமா கேட்டாராமே. முதல் டெர்மில் பாதி அதுதான். டாக்டர், நர்ஸ், பல் டாக்டர் எல்லோரும் வரிசையாக உட்கார்ந்து சராசரியிலிருந்து ஆரம்பிக்கிறோம். அது சீக்கிரம் முடிந்துவிட்டது. காசிமேட்டில் ஒரு விசைப்படகு ஓனர் வருமானத்தையும் அதில் கூலிக்குப் போகிறவர்கள் வருமானத்தையும் சேர்த்துச் சராசரி எடுத்தால் எல்லோரும் வசதியாகத் தெரிவார்கள், அதனால் வரிசையில் நடுவில் நிற்கிறவன் வருமானத்தைப் பார் என்கிறார்கள். இது நம் ஏரியாவில் யாருக்குத் தெரியாது?

என்னைப் பிடித்துக்கொண்டது வேறு விஷயம், வகுக்கும்போது கீழே போடுகிற எண். 1854இல் இங்கே காலரா வந்தபோது ஜான் ஸ்னோ என்ற டாக்டர் தென் லண்டனில் வீடு வீடாகப் போய், எந்தக் கம்பெனித் தண்ணீர் வருகிறது என்று கேட்டிருக்கிறார். ஒரே தெருவில் இரண்டு கம்பெனிக் குழாயும் ஓடியது, குடியிருப்பவர்களுக்கோ எது யாருடையது என்று தெரியாது (வாடகை வீடு, தண்ணீர் வரியை ஓனர் கட்டிவிடுவார்). அதனால் தண்ணீரைப் பிடித்து சில்வர் நைட்ரேட் விட்டு உப்பு எவ்வளவு என்று பார்த்துக் கண்டுபிடித்திருக்கிறார். முதல் ஏழு வாரத்தில் சதக் அண்ட் வாக்ஸால் கம்பெனி வீடுகளில் 1,263 சாவு, லாம்பெத் கம்பெனி வீடுகளில் 98. சாவை மட்டும் பார்த்தால் 13 மடங்கு. ஆனால் முதல் கம்பெனிக்கு 40,046 வீடு, இரண்டாவதற்கு 26,107தான். வகுத்துப் பார்த்தால் பத்தாயிரம் வீட்டுக்கு 315, அந்தப் பக்கம் 38கூட இல்லை, அதாவது எட்டு மடங்கு சொச்சம். ஆர் என்று ஒரு இலவச சாஃப்ட்வேர், அதில் போட்டு கான்ஃபிடன்ஸ் இன்டர்வெல் (உண்மையான மடங்கு எதற்கும் எதற்கும் நடுவில் இருக்கலாம் என்கிற வரம்பு) எடுத்தேன், ஏறக்குறைய 7க்கும் 10க்கும் நடுவில் வந்தது. எப்படிப் பார்த்தாலும் தண்ணீரில்தான் கோளாறு என்று அந்தக் கணக்கு சொல்லிவிடுகிறது.

அதைப் படிக்கும்போது நீ டியூட்டியில் எழுதுகிற தடுப்பூசி ரிஜிஸ்டர்தான் ஞாபகம் வந்தது. தடுப்பூசி 112 சதவீதம் என்று வந்தால் மீட்டிங்கில் உன்னை நிற்க வைத்துக் கேட்பார்கள் இல்லையா? மேலே நீ எழுதியது சரியாகவே இருக்கும், குழந்தைகளுக்கு ஊசி போட்டது போட்டதுதான். கீழே இருக்கிற எண்தான் பழசு. கடைசியாக மக்கள்தொகைக் கணக்கெடுப்பு நடந்தது 2011இல், 2021இல் நடக்க வேண்டியது தள்ளிப்போய்விட்டது. அதற்குள் வியாசர்பாடியில் எத்தனை குடும்பம் காலி பண்ணிப் போயிருக்கும், எத்தனை புதிதாக வந்திருக்கும், பிரசவத்துக்குத் தாய் வீட்டுக்கு வந்த பெண்கள் வேறு. 100ஐத் தாண்டுவதில் என்ன அதிசயம்?

இன்னொன்று சொன்னால் சிரிப்பாய். மருத்துவச் சோதனையில் யாருக்கு எந்தச் சிகிச்சை என்று குலுக்கிப் பிரிக்கிற பாடத்தில் மெட்ராஸ் பெயர் வந்தது. 1956இல் சேத்துப்பட்டில் தொடங்கிய காசநோய் மையம், ஏழை நோயாளிகளை அப்படிப் பிரித்து பாதிப் பேரை சானடோரியத்திலும் (காசநோய்க்காரர்கள் தங்கிப் பார்த்துக்கொள்கிற ஆஸ்பத்திரி) பாதிப் பேரை வீட்டிலுமே வைத்து ஒரே மருந்து கொடுத்தது. 1959இல் வெளியான முடிவு: நல்ல சாப்பாடும் ஓய்வும் இல்லாத வீட்டிலும் ஏறக்குறைய அதே அளவு குணம். கூட இருந்த குடும்பத்துக்கும் கூடுதலாகத் தொற்றவில்லை என்று பிறகு வெளியிட்டார்கள். உலகம் முழுக்கக் காசநோய்க்கு வீட்டிலிருந்தே வைத்தியம் என்று மாறியதில் இதற்குப் பெரிய பங்கு. அதுவும் சும்மா வரவில்லை, வீட்டுக்குப் போய் மாத்திரையை எண்ணி, சிறுநீர் பரிசோதித்துப் பார்த்த ஆட்கள் இருந்தார்கள். வகுப்பில் அந்த ஆட்களைப் பற்றி யாரும் பேசவில்லை, எனக்குக் கொஞ்சம் கோபம்தான்.

சரி, ஒரு உதவி. புதிதாக வந்த குடும்பத்தை நீங்கள் எப்போது லிஸ்டில் சேர்க்கிறீர்கள், போனவர்களை எப்போது அடிக்கிறீர்கள் என்று வாய்ஸ் மெசேஜில் சொல்லு, அசைன்மெண்டுக்கு வேண்டும். யார் பெயரும் வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை பேசலாம், நீ டியூட்டி முடிந்து வந்ததும் மிஸ்டு கால் கொடு.

உன் தங்கை