பாட்டிக்கும் பேத்திக்கும் ஒரே விளம்பரமா?

சென்னையில் இருந்துகொண்டு அமெரிக்கக் கடைகளுக்கு விளம்பரமும் வாடிக்கையாளர் பட்டியலும் தயாரிக்கும் நண்பர்களுக்கு,

வணக்கம். ஹூஸ்டனில் ஒரு மளிகைக் கடைச் சங்கிலியின் விளம்பரப் பிரிவில் வேலை பார்க்கிறேன். நீங்கள் அனுப்பும் கோப்புகள் கடைசியில் என்னைப் போன்றவர்களின் மேசைக்குத்தான் வருகின்றன. உங்கள் உழைப்பில் எனக்கு ஒரு குறையும் இல்லை. நாங்கள் தூங்கி எழுவதற்குள் வேலையை முடித்து அனுப்பிவிடுகிறீர்கள். ஆனால் அந்த எக்செல் கோப்பில் 'ஹிஸ்பானிக்: ஆம் / இல்லை' என்று ஒரே ஒரு கட்டம் இருக்கிறதே, அதைப் பற்றித்தான் இந்த மடல். ஹிஸ்பானிக் என்றால் ஸ்பானிய மொழி வழங்கும் நாடுகளின் வழி வந்தவர்கள், லத்தீனோ என்றும் சொல்வார்கள். அந்தக் கட்டத்தைப் போடச் சொன்னவர்கள் எங்கள் ஊர்க்காரர்கள்தான் என்பதும் தெரியும். ஆனால் தினமும் அதைக் கையாளுகிறவர்கள் நீங்கள். நீங்கள் கேள்வி கேட்டால் எங்கள் மேலாளர்கள் பதில் சொல்லித்தான் ஆக வேண்டும்.

அந்த 'ஆம்' என்பதற்குள் 2020 கணக்கெடுப்பின்படி 6.21 கோடிப் பேர் இருக்கிறார்கள், நாட்டு மக்கள்தொகையில் 18.7 சதவீதம். மெக்சிகோ வழி வந்தவர்களே பெரும்பான்மை. அப்புறம் போர்ட்டோ ரிக்கோ, கியூபா, எல் சால்வடோர், டொமினிக்கன் குடியரசு, குவாத்தமாலா, கொலம்பியா, வெனிசுவேலா என்று நீள்கிறது வரிசை. போர்ட்டோ ரிக்கோக்காரர்கள் 1917 முதல் அமெரிக்கக் குடிமக்கள், அவர்களைக் குடியேறிகள் என்பதே தவறு. டெக்சாஸ் மெக்சிகோவின் பகுதியாக இருந்த காலத்திலிருந்தே அங்கே வாழும் குடும்பங்களும் உண்டு. "நாங்கள் எல்லையைத் தாண்டவில்லை, எல்லைதான் எங்களைத் தாண்டிப் போனது" என்பார்கள். இத்தனை பேரையும் ஒரே பெயரில் எண்ணும் கேள்வி எல்லா வீடுகளுக்கும் போனது 1980 கணக்கெடுப்பில்தான். அரசாங்கத்தின் கணக்குக்கும், உரிமை கேட்டுப் போராடியவர்களுக்கும் அந்தப் பொதுப்பெயர் தேவைப்பட்டது. கணக்கெடுப்புக்கு அது போதும். கடைக்குப் போதாது.

எங்களுக்கு வந்த ஒரு விளம்பரத்தைச் சொல்கிறேன். அரேபா என்ற தட்டை ரொட்டியின் செய்முறையைப் போட்டு, பக்கத்தில் மசேக்கா என்ற பிராண்டு மாவுப் பையின் படத்தை வைத்திருந்தார்கள். இரண்டுக்கும் மக்காச்சோள மாவுதானே என்று யாரோ நினைத்திருக்கிறார்கள். மசேக்கா, மக்காச்சோளத்தைச் சுண்ணாம்பு நீரில் வேகவைத்து அரைத்த மாவு. மெக்சிகோக்காரர்களின் டோர்ட்டியா என்ற மெல்லிய ரொட்டிக்கும் சால்வடோர்க்காரர்களின் புப்பூசா என்ற உள்ளீடு வைத்த ரொட்டிக்கும் உரியது. வெனிசுவேலாக்காரர்களின் அரேபாவுக்கு வேண்டியது ஹரீனா பான் என்ற வேறு பிராண்டு மாவு. அதில் சுண்ணாம்பு கிடையாது, முன்பே வேகவைத்த மக்காச்சோளத்தின் மாவு அது. வாசனையும் வேறு, பிசையும் பதமும் வேறு. இட்லி அரிசியில் பிரியாணி செய்யச் சொன்னால் நம் வீட்டில் என்ன நினைப்பார்களோ அதுதான் அந்த விளம்பரத்தைப் பார்த்தவர்களும் நினைத்திருப்பார்கள். ஹூஸ்டனுக்கு மேற்கே கேட்டி பக்கம் வெனிசுவேலாக் குடும்பங்கள் நிறைய. கல்ஃப்டன் பக்கம் மத்திய அமெரிக்கக் குடும்பங்கள். ஒரே நகரத்தில் இரண்டு கிளைகளின் அலமாரிகளே இப்படி வேறுபடும்போது, ஒரே படத்தை மயாமிக்கும் லாஸ் ஏஞ்சலஸுக்கும் சேர்த்து அனுப்புவது எப்படிச் சரியாகும்? பீன்ஸிலும் இதே கதைதான்: கியூபாக்காரர்களுக்குக் கறுப்பு, போர்ட்டோ ரிக்கோக்காரர்களுக்கு இளஞ்சிவப்பு, மெக்சிகோக்காரர்கள் பலருக்குப் பின்டோ என்ற புள்ளி போட்ட வகை. 1936இல் நியூயார்க்கில் தொடங்கிய கோயா உணவு நிறுவனம் வளர்ந்ததற்கு, இந்த வித்தியாசங்களை மதித்துத் தனித்தனியாக டப்பாவில் அடைத்து விற்றதும் ஒரு காரணம்.

நாட்டு வித்தியாசத்தையாவது அலமாரியைப் பார்த்துக் கண்டுபிடித்துவிடலாம். தலைமுறை வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது. நம் வேலையில் மோசமாகக் கோட்டை விடுவது அங்கேதான்.

குடும்பப் பெயர் கார்சியா என்று இருந்தால் ஸ்பானிய மொழி மின்னஞ்சல் போகிறது. ஆனால் அமெரிக்க ஹிஸ்பானிக் மக்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் அமெரிக்காவிலேயே பிறந்தவர்கள். மக்கள் கருத்துகளை ஆராயும் பியூ ஆய்வு மையம் 2023இல் வெளியிட்ட அறிக்கையைப் பாருங்கள். மூன்றாம் தலைமுறையிலும் அதற்குப் பிறகும் வந்தவர்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினரால் ஸ்பானிய மொழியில் சரளமாக உரையாட முடியாது. லத்தீனோ என்று சொல்லிக்கொள்ள ஸ்பானிய மொழி கட்டாயமில்லை என்றவர்கள் 78 சதவீதம். அந்த மொழி அவ்வளவாகத் தெரியாதவர்களில் பாதிக்கு மேற்பட்டோர், அதற்காகச் சொந்த இனத்தாரே தங்களைக் குத்திக்காட்டியதாகச் சொல்லியிருக்கிறார்கள். அப்படி ஒரு பெண்ணுக்கு நாமும் ஸ்பானிய மொழியில் கடிதம் அனுப்பினால் ஏற்கெனவே இருக்கும் புண்ணைத்தான் கிளறுகிறோம்.

அதற்காக அவளை, எல்லோருக்கும் ஆங்கிலத்தில் ஒரே விளம்பரம் போகும் 'பொது' பட்டியலுக்கு மாற்றிவிட்டால் போதும் என்று நினைத்துவிடாதீர்கள். அதுவும் தப்பு. பாடகி செலீனா ஹூஸ்டனுக்குத் தெற்கே லேக் ஜாக்சனில் பிறந்து ஆங்கிலம் பேசி வளர்ந்தவர். பாடுவதற்காகத்தான் ஸ்பானிய மொழி கற்றார். 1995இல் 23 வயதில் கொல்லப்பட்டார். ரசிகர்கள் கேட்டுக்கொண்டதால் 2016இல் மேக் என்ற ஒப்பனை நிறுவனம் அவர் பெயரில் ஒப்பனைப் பொருட்களைக் கொண்டுவந்தபோது வந்த வேகத்தில் விற்றுத் தீர்ந்தன. 2018இல் டெக்சாஸின் எச்-இ-பி மளிகைக் கடைகள் அவர் படம் போட்ட பையை விற்றபோதும் அதே கதை. ஆங்கிலத்திலேயே பேசி, ஆங்கிலத்திலேயே படித்த பெண்களும் அதை வாங்க ஓடினார்கள். மொழி போன பிறகும் குடும்பமும் பாட்டும் சாப்பாடும் பெருமிதமும் போவதில்லை. இதை உங்கள் கட்டத்தில் 'ஆம்' என்று குறிப்பதா, 'இல்லை' என்றா?

பாட்டி, அம்மா தலைமுறைக்கு வேறொரு அநியாயம் நடக்கிறது. ஒரு கைபேசிக் கடையில் பார்த்தேன். வாசலில் ஸ்பானிய மொழிப் பதாகை, உள்ளே ஸ்பானிய மொழியில் வரவேற்பு. கையெழுத்துப் போடும் ஒப்பந்தம் மட்டும் ஆங்கிலத்தில். பத்துப் பன்னிரண்டு வயதுச் சிறுமி ஒருத்தி அம்மாவுக்காக அதை வாசித்துக்கொண்டிருந்தாள். முன்கூட்டியே ரத்து செய்தால் கட்டணம் என்ற வரியில் வந்து நின்றவள், அதை எப்படிச் சொல்வது என்று தெரியாமல் விற்பனையாளரைப் பார்த்தாள். அவர் சிரித்தபடி பேனாவை நீட்டினார். ஸ்பானிய மொழியில் பேரம் பேசினால், பல வகை ஒப்பந்தங்களுக்குக் கையெழுத்துக்கு முன்பே அந்த மொழியில் பிரதி தர வேண்டும் என்று கலிஃபோர்னியா 1974லேயே சட்டம் போட்டது. 2004இல் சீனம், தகாலோக், வியட்நாமியம், கொரியன் மொழிகளையும் சேர்த்தது. சட்டம் இல்லாத இடத்திலும் இதைச் செய்யலாமே. கூப்பிடுவதற்கு மட்டும் அவர்கள் மொழியைப் பயன்படுத்துவது ஏமாற்று வேலை.

நான் கேட்பது இதுதான். குடும்பப் பெயரை வைத்து மொழியை ஊகிக்காதீர்கள். ஸ்பானியம், ஆங்கிலம், இரண்டும் என்று மூன்று தேர்வுகள் கொடுத்து வாடிக்கையாளரிடமே விட்டுவிடச் சொல்லி உங்கள் கிளையன்ட்டிடம் எழுதுங்கள். எந்த நாட்டில் பிறந்தீர்கள் என்று மட்டும் கேட்கவே வேண்டாம். இன்றைய சூழலில் அந்தக் கேள்வி வந்தாலே குடியேற்ற ஆவணத்தைச் சோதிக்கிறார்களோ என்று பயந்துபோய்க் கடைக்கு வராமல் நின்றுவிடுவார்கள். அதற்குப் பதிலாக அந்தந்தக் கிளையில் எந்த மாவு, எந்த பீன்ஸ் விற்கிறது என்று பாருங்கள். அந்த விவரம் ஏற்கெனவே உங்களிடம் இருக்கிறது. ஸ்பானிய மொழி விளம்பரம் செய்யச் சொன்னால், அதை அழுத்தினால் திறக்கும் பக்கமும், நிபந்தனைகளும், உதவி எண்ணில் பேசுபவரும் அதே மொழியில் இருப்பார்களா என்று முதலில் கேளுங்கள்.

செப்டம்பர் 15 அன்று தொடங்கும் ஹிஸ்பானிக் பாரம்பரிய மாதத்துக்கான வேலை கோடையிலேயே உங்களிடம் வந்துவிடும். பெரிய தொப்பியும் மிளகாயும் போட்ட பழைய படத்தையே எங்கள் பக்கத்திலிருந்து மறுபடியும் அனுப்பினால், இந்தக் கேள்விகளைச் சேர்த்துத் திருப்பி அனுப்புங்கள். இங்கே கூட்டத்தில் உங்கள் பக்கம் நின்று நான் பேசுகிறேன்.

அன்புடன்,
ஹூஸ்டனிலிருந்து உங்கள் சக ஊழியர்