நான் இருமினால் திரும்பிப் பார்க்காதவர்களுக்கு

களியக்காவிளையில் சின்னதாக ஒரு ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். ஜெராக்ஸைவிட மனு எழுதிக் கொடுப்பதில்தான் எனக்கு வருமானம். பட்டா மாறுதல், முதியோர் உதவித்தொகை, வாரிசுச் சான்று என்று 22 வருஷமாக ஊராருக்கு எழுதிப் பழகிய கை. இன்று என் நோயில் துணை நின்ற உங்களுக்கு நன்றி சொல்லி என் பேரில் எழுத உட்கார்ந்தால் ‘பெறுநர்’ என்ற இடத்திலேயே நின்றுவிடுகிறது. உங்களில் பாதிப் பேருடைய முழுப்பெயர் எனக்குத் தெரியாது. சேச்சி, பெரியவர், டீச்சர், ஆட்டோ தம்பி. சரி, அப்படியே எழுதிவிடுகிறேன்.

முதலில் பாறசாலை சேச்சி. திருவனந்தபுரம் ஆர்.சி.சி. என்கிற புற்றுநோய் ஆஸ்பத்திரியில் டோக்கன் எடுத்துவிட்டுத் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மாத்திரை தொடங்கி இருபது நாள். 51 வயதில் காலேஜ் பிள்ளை மாதிரி முகமெல்லாம் பரு, சீழ் வைத்து. பக்கத்தில் இருந்தவர் என் கையிலிருந்த ஃபைலைப் பார்க்கவில்லை, மூக்கைப் பார்த்தார். “ஜெஃபிட்டினிப் ஆணோ?” என்றார். நான் போடுகிற புற்றுநோய் மாத்திரையின் பெயர் அது. ஆமாம் என்றேன். தன் வலது கையை நீட்டினார். பெருவிரல் நகத்தின் ஓரம் சிவந்து வீங்கியிருந்தது. நகத்துக்கும் சதைக்கும் நடுவே நூல் மாதிரி ஒரு பஞ்சைத் திரித்துச் செருகியிருந்தார். “பரு கொறயும், அப்புறம் இது வரும். பேடிக்கண்டா (பயப்பட வேண்டாம்). எனிக்கு ரெண்டு வருஷமாயி.”

ரெண்டு வருஷம். அதற்குப் பிறகு அவர் சொன்னது எதுவும் காதில் ஏறவில்லை. நான்காம் நிலை நுரையீரல் புற்றுநோய் என்று கேட்ட நாளிலிருந்து, அதே நோயோடு ரெண்டு வருஷம் இருந்து, கையில் சாயா ஃபிளாஸ்க்கும் வைத்துக்கொண்டு பேசுகிற ஒருவரை நான் பார்த்ததே இல்லை.

அதற்கு முந்தைய கதையை நீளமாக எழுத எனக்கு விருப்பமில்லை. இருமல் நிற்கவில்லை. ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரேயில் நிழலைப் பார்த்துக் காசநோய் என்றார்கள். சளியில் கிருமி இல்லை, ஆனாலும் மாத்திரை. அஞ்சு மாதம் சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போனதுதான் மிச்சம், இருமல் அப்படியே இருந்தது. கடைசியில் நுரையீரலைச் சுற்றி நீர் கோத்து, மூச்சு முட்டி, அதை ஊசி போட்டு எடுத்துச் சோதித்தபோதுதான் விஷயம் தெரிந்தது. எங்கள் ஊரில் இப்படி ஏமாந்தவள் நான் ஒருத்தி மட்டுமல்ல என்பது உங்களிடம் வந்த பிறகு தெரிந்தது. உங்களில் மூன்று பேருக்கு இதே கதை.

1956 நவம்பர் 1-ல் குமரி மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்தது. ஆனால் பெரிய நோய் என்றால் எங்கள் ஊர்க்காரர்கள் இன்றைக்கும் ஆனவண்டி (கேரள அரசு பஸ்) ஏறி நெய்யாற்றின்கரை, பாலராமபுரம் வழியாகத் திருவனந்தபுரத்துக்குத்தான் போகிறார்கள். அங்கேதான் கட்டியின் துணுக்கை மரபணுச் சோதனைக்கு அனுப்பினார்கள். இ.ஜி.எஃப்.ஆர். என்ற மரபணுவில் மாற்றம் இருந்தால் ஊசி மருந்துக்குப் பதில் மாத்திரையே போதும் என்றார்கள். புகை பிடிக்காத ஆசியப் பெண்களிடம் இந்த மாற்றம் அதிகமாம். முடிவு வர மூன்று வாரம். வந்தது, இருந்தது. 250 மில்லிகிராம், தினம் ஒன்று. இவ்வளவும் டாக்டர் சொன்னார், நன்றாகவே சொன்னார். வெளியே நூறு பேர் நிற்கும்போது அதற்கு மேல் அவரிடம் என்ன கேட்பது? நகத்தைப் பற்றியா கேட்பது?

அதைச் சேச்சிதான் சொல்லித்தந்தார். வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரில் விரலை வைப்பது, பாத்திரம் விளக்கும்போது கையுறை, நகத்தை ஒட்ட வெட்டாமல் இருப்பது. இன்னொன்றையும் கேட்டார்: “கேஸ் மாத்திரை திந்நுந்நுண்டோ (சாப்பிடுகிறாயா)?” எங்கள் பக்கம் கேஸ் மாத்திரை என்பது கடலை மிட்டாய் மாதிரி. காலையில் பல் தேய்த்ததும் ஒன்று. நானும் மெடிக்கல் ஷாப்பில் நானாகவே வாங்கிப் போட்டுக்கொண்டிருந்தேன். வயிற்றில் அமிலம் குறைந்தால் ஜெஃபிட்டினிப் சரியாக உடம்பில் ஏறாது, இன்றைக்கே டாக்டரிடம் சொல் என்றார். சொன்னேன். டாக்டர் உடனே நிறுத்தினார், கொஞ்சம் திட்டவும் செய்தார். சேச்சி, உங்களுக்கு நன்றி சொல்ல இந்த ஒன்றே போதும்.

அடுத்து, அவர் கூட்டிப்போன அந்த வாசகசாலை. மாதம் இரண்டாம் சனிக்கிழமை. பாலியேட்டிவ், அதாவது வலியையும் வேதனையையும் தணிக்கிற பராமரிப்பு, அதன் தொண்டர்கள் கூடுகிற இடம், அதில் ஒரு மூலையில் நமக்கு ஒரு மணி நேரம். 1993-ல் கோழிக்கோட்டில் டாக்டர் ராஜகோபாலும் நண்பர்களும் தொடங்கிய வேலை கேரளம் முழுக்கப் பரவி, 2008-ல் அரசே அதற்கொரு கொள்கை வகுத்தது என்பதெல்லாம் அங்கே சுவரில் இருந்த நோட்டீஸைப் படித்துத் தெரிந்துகொண்டதுதான். அன்று எனக்குத் தெரிந்தது வேறு. உள்ளே போனதும் இருமல் வந்தது. பஸ்ஸில் நான் இருமினால் முன் சீட்டுக்காரர் திரும்புவார், பக்கத்துப் பெண் சேலைத் தலைப்பை மூக்கில் வைப்பாள். கொரோனாவுக்குப் பிறகு இது இன்னும் மோசம். அதனால் நான் இருமலை விழுங்கப் பழகியிருந்தேன், கண்ணில் நீர் வரும்வரை. அந்த அறையில் நான் நன்றாக, ஆசை தீர, ஒரு நிமிஷம் இருமினேன். யாரும் திரும்பவில்லை. டீச்சர் தான் பேசிக்கொண்டிருந்ததை நிறுத்தக்கூட இல்லை. ஆட்டோ தம்பி தண்ணீர்ப் பாட்டிலை என் பக்கம் நகர்த்திவைத்தார், அவ்வளவுதான்.

அங்கே யாரும் “ஒண்ணும் ஆகாது, தைரியமா இரு” என்று சொல்லவில்லை. அதை வீட்டுக்கு வருகிறவர்கள் நிறையச் சொல்லிவிட்டார்கள். சொல்லிவிட்டு, இந்த நோய்க்கு நல்லது என்று ஒரு பை நிறைய முள்ளாத்தாப் பழமோ லட்சுமிதரு இலையோ வைத்துவிட்டும் போனார்கள். அன்பு புரிகிறது, ஆனால் மறுப்பதற்கு வாய் வராது. டீச்சர்தான், தான் அந்த இலைக் கஷாயத்தை யாருக்கும் தெரியாமல் குடித்ததையும், ஈரல் சோதனையில் அளவு எகிறிக் கைவசம் இருந்த மருந்தையும் நிறுத்த வேண்டிவந்ததையும் வெட்கப்படாமல் சொன்னார். அதோடு என் வீட்டு இலையெல்லாம் வாழைக்கு உரமாகிவிட்டது.

இப்போது பெரியவருக்கு. இதை எழுதத்தான் இத்தனை நாள் தள்ளிப்போட்டேன்.

முதல் கூட்டத்தில் என் முறை வந்தபோது, “எனக்கு இந்த நோய், நான் பீடி சிகரெட் தொட்டதில்லை, எங்க வீட்டுக்காரரும் தொட்டதில்லை” என்றுதான் தொடங்கினேன். எல்லாரிடமும் அப்படித்தான் தொடங்குவேன். மனுவோடு இணைக்கிற நகல் மாதிரி அது எனக்கு. நுரையீரல் என்றதும் “உங்க அவரு பீடி குடிப்பாரா?” என்று கேட்கிறார்களே, அதற்கு முன்கூட்டியே ஒரு சான்றிதழ். என் அம்மா அண்டியாபீஸில் முந்திரி வறுத்த புகையில் நின்றவள், நான் விறகடுப்பில் வளர்ந்தவள், எதனால் வந்ததோ எனக்குத் தெரியாது. ஆனால் என் மேல் தப்பில்லை என்று சொல்லிவிட வேண்டும்.

எதிரே இருந்த பெரியவர், ரப்பர் தடி ஏற்றுகிற லாரியை 30 வருஷம் ஓட்டியவர், மெதுவாகக் கேட்டார்: “அப்ப எனக்கு வந்தது நியாயந்தான், இல்லியா மக்களே?”

கோபத்தில் கேட்கவில்லை. சிரித்துக்கொண்டேதான் கேட்டார். எனக்கு அந்த இடத்திலேயே பதில் வரவில்லை. திரும்பி வரும்போது ஆட்டோவில் அவர் பக்கத்திலேயே உட்கார்ந்து, மன்னித்துக்கொள்ளுங்கள் என்றேன். “ராத்திரி வண்டி ஓட்டத் தூக்கம் வரப்பிடாதுல்லா, அதுக்குத்தான் பீடி” என்றார். மகனே ஒருநாள் “நீயா தேடிக்கிட்டது” என்று சொல்லிவிட்டானாம். அதனால் மூச்சுத்திணறலைக்கூட வீட்டில் சொல்லாமல், தலையணையை உயர்த்திப்போட்டு உட்கார்ந்தே தூங்கியிருக்கிறார். அன்றிலிருந்து அந்தச் சான்றிதழை நான் யாரிடமும் நீட்டுவதில்லை. கேட்டால் மட்டும் பதில்.

மார்ஃபின் தருவதாக டாக்டர் சொன்னபோது பெரியவர் பயந்தார். கடைசிக் காலத்துக்கு உள்ள மருந்து என்று நினைத்தார், நானும் அப்படித்தான் நினைத்தேன். குறைந்த அளவில் கொடுத்தால் மூச்சுத்திணறலையும் அது தணிக்கும் என்று பாலியேட்டிவ் நர்ஸ் அரை மணி நேரம் உட்கார்ந்து விளக்கினார். சாப்பிட்ட மறுநாள் பெரியவர் எனக்குப் போன் செய்து, “மக்களே, படுத்து ஒறங்கினேன்” என்றார்.

மற்றவர்களுக்கும் சொல்ல வேண்டும். மக்களைத் தேடி மருத்துவத்தில் வீட்டுக்கே வருகிற எங்கள் ஊர்த் தங்கைக்கு. ஜன்னல் சீட்டில் யார் இருந்தாலும் எழுப்பி எனக்குத் தருகிற கண்டக்டர் சேட்டனுக்கு. நான் இல்லாத நாட்களில் கடையைத் திறந்துவைத்த பக்கத்துக் கடைப் பையன்களுக்கு (காகிதத்தை வீணாக்கினீர்கள், பரவாயில்லை). ஸ்கேன் முடிவு வரும்வரை என்னோடு பேசாமல் இருக்கத் தெரிந்த என் வீட்டுக்காரருக்கு.

நீங்கள் எனக்குக் கொடுத்த வேலைக்கும் நன்றி. சென்னைக்குச் சிகிச்சைக்குப் போகிறவர்களுக்கு ரயில் சலுகைப் படிவம் பூர்த்திசெய்து தரச் சொன்னீர்கள். புற்றுநோயாளிக்கு ஸ்லீப்பரிலும் மூன்றடுக்கு ஏசியிலும் கட்டணமே இல்லை, கூடப் போகிறவருக்கு 75 சதவீதம் தள்ளுபடி. நம்மில் பலருக்கு இது தெரியவே தெரியாது. ‘நோயாளி’ என்று எழுத வேண்டிய கட்டத்தில் அடுத்தவர் பெயரை எழுதும்போதெல்லாம் நான் பழைய மனுக்காரியாகிவிடுகிறேன்.

பெரியவர் பங்குனியில் போய்விட்டார். பத்து நாள் கழித்து அவர் வீட்டம்மா கடைக்கு வந்தார், விதவை உதவித்தொகைக்கு மனு எழுத. எத்தனையோ பேருக்கு எழுதிய அதே மனுதான். ‘என் கணவர்’ என்று தொடங்கி அவர் பெயரை அடிக்கும்போதுதான் அவருடைய முழுப்பெயர் எனக்குத் தெரிந்தது. காசு வேண்டாம் என்றேன். சரி என்று போனார். சாயங்காலம் கடை அடைக்கும்போது பார்த்தால் ஸ்டேப்ளருக்கு அடியில் மடித்துவைத்த 50 ரூபாய். சனிக்கிழமை கொண்டுவருகிறேன், டீச்சர். சாயாக் கணக்கில் அவர் பேரில் வரவு வையுங்கள்.